சுண்ணாம்பில் சொர்க்கம் கண்ட மன்னர்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் கண்ணில் முதலில் படுபவை சிமெண்டாலும் கண்ணாடியாலும் எழும்பிய மாடிக் கட்டிடங்களே. அங்கிருந்து நகரப் பேருந்தேறி, மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே சென்றால் வேறொரு கட்டிடம் நம்மை வரவேற்கும். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தாலும் உடல் குளிரும். அதுவே திருமலை நாயக்கர் மகால். அதைக் கட்டிய மன்னரின் வாழ்க்கை, வீடு கட்ட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடமாகும்.

முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் மைந்தராகப் பிறந்த திருமலை நாயக்கர், அண்ணன் முத்துவீரப்ப நாயக்கருக்குப் பின் 1623ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். அப்பொழுது தலைநகர் திருச்சிராப்பள்ளி. அங்கே மன்னரை மண்டைச்சளி என்னும் நோய் வாட்டியது. மருத்துவர் பலர் முயன்றும் தீரவில்லை. மதுரை நோக்கி வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபோது, அன்னை மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் தோன்றி, மதுரையிலேயே தங்கி வாழுமாறு பணித்தனர் என்றும், அவ்வாறே உறுதி பூண்டதும் நோய் நீங்கியது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதையை நம்புவோரும் நம்பாதோரும் அதிலுள்ள ஓர் உண்மையை மறுக்க இயலாது. மனிதன் வாழும் இடத்திற்கும் அவன் உடல்நலத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மதுரைக்கு வந்த மன்னர் 1636ஆம் ஆண்டில் எழுப்பிய மாளிகை இது. இதற்கு வேண்டிய செங்கல்லுக்காக வண்டியூர்ப் பக்கம் மண் எடுத்த இடமே பின்னர் மாரியம்மன் தெப்பக்குளமாயிற்று என்பர். ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட அக்குளத்தில் இன்றும் தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. மண் எடுத்த பள்ளத்தையும் ஊருக்குப் பயன்படும் நீர்நிலையாக்கிய அறிவு எண்ணி மகிழத்தக்கது.

மகாலின் உயிர் சுண்ணாம்பு. சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீரில் தாளித்து, மணலுடன் சேர்த்து, காளைகள் சுற்றும் அரைவைச் செக்கில் அரைத்துச் சாந்தாக்குவது நம் நாட்டு வழக்கம். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் அதில் சேர்வதுண்டு. மகாலின் சுவர்ப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் கலந்ததால்தான் அது சலவைக்கல் போல மின்னுகிறது என்பர். சொர்க்கவிலாசத்தின் விதானம் மரச்சட்டமோ இரும்பு உத்தரமோ தாங்காமல், செங்கல்லாலும் சாந்தாலுமே எழும்பி நிற்பது கண்டு வியவாதார் இல்லை.

இந்தச் சாந்தின் பெருமையை இன்றைய அறிவியல் தெளிவாக விளக்குகிறது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் பற்றாது. சுவரின் ஈரம் பூச்சின் வழியே வெளியேறுவதால் அறைக்குள் புழுக்கம் தங்குவதில்லை.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்த பழக்கம் குறைந்து, அந்த இடத்தைப் பெயிண்டு பிடித்துக்கொண்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயம் வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் விதி பிறந்தது. ஒட்டுப்பலகை அலமாரிகளின் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. சன்னலை அடைத்துவிட்டுப் புதிய அறையின் வாசனையை முகர்ந்து மகிழ்வோர் இதை அறிதல் வேண்டும். நம் கல்லூரி மாணவர்களில் பலருடைய பெற்றோர் கொத்து வேலையிலும் பெயிண்டு வேலையிலும் உழைப்பவர்கள். அந்த நஞ்சு முதலில் சேர்வது அவர்கள் மூச்சில்தான்.

சுண்ணாம்பிலும் குறை உண்டு. அது இறுகக் காலம் பிடிக்கும். தாளிக்கும்போது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். மகாலைக் கட்டியவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. மன்னர் பெயர் நிலைத்தது. அரைத்துப் பூசிய கைகளின் பெயர்களை வரலாறு காக்கவில்லை.

புதுமண்டபம் அமைத்து, சித்திரைத் திருவிழாவை அழகர் விழாவோடு இணைத்து, இறுதி நாட்களில் மைசூர்ப் படையையும் எதிர்கொண்ட மன்னர் 1659ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, மகாலின் பெரும்பகுதியைப் பிரித்துப் பொருள்களை அங்கே கொண்டு சென்றார். இன்று எஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்கே என்பர். இழப்புத்தான், எனினும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லை உடையாமல் பிரித்து மறுபடி பயன்படுத்த முடியும் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். சிமெண்டுக் கட்டிடத்தை இடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் குப்பையே. பின்னர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, சிதைந்து கிடந்த மகாலைச் செப்பனிடச் செய்தார்.

மன்னரைப் போல மாளிகை கட்ட நம்மால் இயலாது, தேவையும் இல்லை. ஆனால் ஓர் அறைக்கேனும் சுண்ணாம்பு பூசலாம். புதிய அலமாரி வாங்கினால் சில வாரங்கள் சன்னலைத் திறந்து வைக்கலாம். பெயிண்டு வாங்குமுன் ஈயம் உண்டா என்று கேட்கலாம். நோய் நீங்க மதுரைக்கு வந்த மன்னர் விட்டுச் சென்ற சுவர்கள் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களும் மூச்சு விடட்டும். அவற்றுக்குள் வாழும் நாமும் நலமாக மூச்சு விடுவோம்.