திமிங்கிலத்துக்கு வரவு செலவு எழுதிய ஸ்டான்லி கெம்ப்

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் பரம்பிக்குளம், 1914-இல் கொச்சி சமஸ்தானத்துக் காடு. தேக்கு மரம் ஏற்றிக்கொண்டு டிராம் வண்டி ஓடிய காலம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில், கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் அதிகாரி கிரேவ்லி அங்கு வந்து சிறு பிராணிகளைச் சேகரித்துக்கொண்டு போனார். பின்னாளில் சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்தவர் அவர்.

கல்கத்தாவில் கிரேவ்லியுடன் வேலை பார்த்த ஒருவர் இதே தொழிலைப் பனிக்கடல் வரை கொண்டு போனார். அவர்தான் டாக்டர் ஸ்டான்லி கெம்ப். உலகிலேயே பெரிய பிராணியான நீலத் திமிங்கிலத்துக்கு முதன்முதலில் முறையாகக் கணக்கு எழுத வைத்த விஞ்ஞானி.

இறால் படித்த இளைஞர்

கெம்ப் 1882-இல் லண்டனில் பிறந்தார். டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்துவிட்டு, அயர்லாந்து மீன்வள இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு அவர் மனம் பற்றியது இறால், நண்டு இனங்களில். 1910-ஐ ஒட்டிக் கல்கத்தா மியூசியத்துக்கு வந்தார். 1916-இல் அந்தப் பிரிவே இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையாக மாறியது.

மேஜையோடு உட்கார்ந்திருக்கும் உத்தியோகமல்ல அது. 1911-12-இல் இன்றைய அருணாசலப் பிரதேச மலைகளுக்குள் சென்ற அபோர் படையுடன் கெம்ப்பும் போனார். கண்ணே இல்லாத, புழுவைப் போன்ற விசித்திரப் பிராணி ஒன்றை அங்கே கண்டுபிடித்தார். ஒரிசாவின் சில்கா ஏரி, நம் மன்னார் வளைகுடா என்று அலைந்து இறால் வகைகளைத் திரட்டினார். 1922-இல் காரோ மலையின் சிஜு குகைக்குள் விளக்குடன் நுழைந்து, சோப்ரா என்ற இந்திய விஞ்ஞானியுடன் சேர்ந்து, இருட்டில் வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பட்டியலிட்டார்.

1924-இல் துறையின் தலைவர் அன்னண்டேல் காலமானார். கெம்ப் சில காலம் பொறுப்பு வகித்தார். அதே ஆண்டு லண்டனிலிருந்து அழைப்பு வந்தது.

எண்ணெய் வியாபாரம்

அக்காலத்தில் சோப்புக்கும், மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெய்க்கும் திமிங்கில எண்ணெய் வேண்டியிருந்தது. வட கடல்களில் திமிங்கிலம் அருகிவிட்டது. எனவே 1904 முதல் தென்துருவம் அருகே தெற்கு ஜார்ஜியா தீவில் வேட்டை நிலையங்கள் எழும்பின. தீவு பிரிட்டிஷ் வசம். லைசென்ஸ் கொடுத்து, எண்ணெய்க்கு வரியும் வாங்கினார்கள்.

ஆனால் கடலில் எத்தனை இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை பிறக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வரவு தெரியாமல் செலவு மட்டும் நடந்த வியாபாரம் அது. இதைக் கண்டறிய 1923-இல் ஒரு கமிட்டி அமைத்தார்கள். எண்ணெய் வரிப் பணமே ஆராய்ச்சிக்குச் செலவானது. அதன் ஆராய்ச்சி இயக்குநராகத்தான் கெம்ப் நியமனமானார்.

இறால் படித்தவருக்குத் திமிங்கில வேலையா என்று கேட்கலாம். தென்துருவ நீலத் திமிங்கிலத்தின் சாப்பாடே கிரில் என்னும், விரல் நீளமே உள்ள, இறால் போன்ற பிராணிதான். கிரில் எங்கே கூடுகிறதோ அங்கே திமிங்கிலம் கூடும்.

பனிக்கடலில்

முன்பு காப்டன் ஸ்காட் தென்துருவத்துக்குக் கொண்டு போன டிஸ்கவரி என்ற மரக் கப்பலில் 1925-இல் கெம்ப் புறப்பட்டார். 1927 வரை அந்தப் பயணம் நீடித்தது. நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆழம் ஆழமாக அளந்தார்கள். வலைகளை இறக்கி, கிரில் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் என்று குறித்தார்கள்.

கரையில் இன்னொரு குழு. வேட்டைக்காரர்கள் அறுத்துப் போட்ட திமிங்கிலங்களுக்கு நடுவே, இரத்தத்திலும் நாற்றத்திலும் நின்று மக்கின்டாஷ், வீலர் என்ற இருவர் அளவெடுத்தார்கள். என்ன நீளம், வயிற்றில் என்ன இரை, கருவில் குட்டி உண்டா என்று பார்த்தார்கள். இரண்டே ஆண்டில் 1,600-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள். பெண் திமிங்கிலம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரே ஒரு குட்டி போடும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்தத் தகவலின் அருமை இடுக்கிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வரையாடு குட்டி போடும் காலத்தில் ராஜமலைக்குப் போகும் வழியை அடைக்கிறார்கள். எந்த மாதத்தில் குட்டி போடும் என்று யாரோ பார்த்து எழுதி வைத்ததால்தானே அடைக்க முடிகிறது? மழைக்காலத்தில் கேரளக் கடலில் விசைப்படகு இழுவலைக்குத் தடை போடுவதும் அப்படித்தான்.

திமிங்கிலம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய, எண் பொறித்த உலோக அடையாளத்தைத் துப்பாக்கியால் அதன் உடலில் எய்தார்கள். பின்னால் வேட்டையில் அகப்பட்டால், அடையாளத்தைத் திருப்பித் தருபவருக்குச் சன்மானம். முதலில் எய்தவை நிலைக்காமல் உதிர்ந்தன. பிறகு சதைக்குள் முழுதாய்ப் பதியும்படி மாற்றினார்கள். 1939-க்குள் சுமார் 5,000 திமிங்கிலங்களுக்கு அடையாளம் இட்டாயிற்று.

1929-இல் டிஸ்கவரி-2 என்ற புதிய இரும்புக் கப்பல் வந்தது. அதிலும் கெம்ப்பே தலைமை தாங்கிப் போனார். 1931-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

கணக்கை முந்திய கப்பல்

கெம்ப் கடலுக்குப் போன அதே 1925-இல் வேறொரு புதுமையும் வந்தது. பின்புறச் சறுக்கு வழியாகத் திமிங்கிலத்தை மேல்தளத்துக்கே இழுத்து, நடுக்கடலில் எண்ணெய் காய்ச்சும் தொழிற்சாலைக் கப்பல். கரையே வேண்டாம், ஆகவே லைசென்ஸும் இல்லை, வரியும் இல்லை. 1930-31 பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. விஞ்ஞானிகள் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிடங்கு காலியானது. கட்டுப்படுத்தும் சட்டம் பொதுக்கடலில் எவரிடமும் இல்லை.

1936-இல் கெம்ப் பிளிமத் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் அவருடைய வீடும் புத்தகங்களும் எரிந்து போயின. ஆனாலும் நிலையத்தைச் சீர்செய்து நடத்தினார். 1945 மே 16-இல், ஐரோப்பாவில் போர் முடிந்த சில நாளில், கண்மூடினார். தென்துருவத்தில் ஒரு தீபகற்பம் அவர் பெயரால் வழங்குகிறது.

பிறகு வந்த பலன்

சட்டம் தாமதமாகவே வந்தது. 1946-இல் திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்த நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 1960-களில்தான் தென்துருவ நீலத் திமிங்கிலத்தைக் கொல்லத் தடை வந்தது. வியாபார வேட்டை முழுவதற்கும் நிறுத்தம் 1986-இல். கிரில்லுக்கும் தனி ஒப்பந்தம் 1982-இல் அமலாயிற்று. திமிங்கிலம், பென்குயின், சீல் ஆகியவற்றின் பங்கை விட்டுவைத்தே மனிதன் பிடிக்க வேண்டும் என்பது அதன் விதி.

1986-இல் இந்தியாவும் அந்த அமைப்பில் உறுப்பினரானது. 1995-96-இல் சாகர் சம்பதா கப்பல் கிரில் ஆராய இந்தியாவிலிருந்து தென்கடலுக்குப் போய் வந்தது. இப்பணியை இன்று கவனிக்கும் மத்திய அரசு ஆய்வு மையம் கொச்சியில் இருக்கிறது.

கிரில் கூடுகிறதா, குறைகிறதா என்று இன்று கணக்கிடும் விஞ்ஞானிகள், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கைத் தேடும்போது கைக்கு வருபவை 1926 முதல் டிஸ்கவரிக் கப்பல்கள் வலை இழுத்து எழுதிய பதிவுகளே. கெம்ப் தொடங்கிய பேரேடு இன்னும் மூடப்படவில்லை.