மறையாத மெல்லொளி

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வரலாற்றைப் படித்தவர்கள் டாக்டர் மகேந்திரலால் சர்க்காரை அறிவார்கள். தொண்டைப் புற்றுநோயால் வருந்திய குருதேவருக்கு 1885-இல் மருத்துவம் செய்தவர் அவர். பாரத மக்கள் தம் சொந்த முயற்சியால் விஞ்ஞானத்தில் உயர வேண்டும் என்ற வேட்கையுடன் 1876-இல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தை அவர் நிறுவினார். எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை என்ற மனக்குறையுடனேயே 1904-இல் மறைந்தார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. அரசாங்க நிதித்துறை அதிகாரியாகப் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளியில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன்தான் அவர். டிராமில் செல்லும்போது பௌபஜார் வீதியில் அக்கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அன்றுமுதல் காலையும் மாலையும் கழகத்தில் ஆராய்ச்சி, பகலில் அலுவலகம் என்பதே அவரது வாழ்க்கையாயிற்று. ரங்கூனிலும் நாகபுரியிலும் பணியாற்றிய சில காலம் நீங்கலாக, பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தது. ஊதியம் குறைவு. எனினும் உயர்ந்த அரசாங்க வேலையைத் துறந்து, ராமன் அதனை மனமுவந்து ஏற்றார்.

1921-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் பயணம் செய்தபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபலிப்பே அந்த நீலம் என்று அறிஞர்கள் கருதி வந்தனர். திரும்பும் வழியில் ராமன் எளிய கருவிகளைக் கொண்டு கடலை ஆராய்ந்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்தார்.

1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன் ஒரு விந்தையைக் கண்டார். ஊதா நிற ஒளியை மட்டும் நீரினுள் செலுத்தினால், சிதறும் ஒளியும் ஊதாவாகவே இருக்க வேண்டும். ஆனால் வேறு நிறத்தின் மெல்லிய சாயல் அதில் தென்பட்டது. நீரில் கலந்த அழுக்குதான் காரணமோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினர். எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அச்சாயல் மறையவில்லை. அற்பமென்று ஒதுக்கிவிட எத்தனையோ காரணங்கள் இருந்தன. ராமன் அதை ஒதுக்கவில்லை. கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், நிறமாலைக் கருவியில் அப்புதிய ஒளி தனித்துத் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பொருள் ஆழமானது. ஒவ்வொரு மூலக்கூறும் இடையறாது அதிர்கிறது. ஆனால் அதன் ஆற்றல் எந்த அளவிலும் இருக்க முடியாது. ஏணியில் ஏறுபவர் இரு படிகளுக்கு நடுவே நிற்க முடியாததுபோல், குறிப்பிட்ட படிகளில் மட்டுமே அது நிற்கும். இதுவே குவாண்டம் நியதி. ஒளித்துகள் மூலக்கூறுக்கு ஒரு படியளவு ஆற்றலைக் கொடுக்கும்போதோ, அதனிடமிருந்து பெறும்போதோ அதன் நிறம் மாறுகிறது. எனவே, நிறமாற்றத்தை அளந்தால் பொருளின் உள்ளியல்பை அறியலாம். இக்கண்டுபிடிப்புக்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1948-இல் பெங்களூரில் தமது ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அவர், 1970 நவம்பர் 21-இல் மறையும்வரை ஒளியையும் வண்ணங்களையும் மணிகளையும் ஆராய்ந்துகொண்டே இருந்தார்.

1980-களில் லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக்கும் கலை கைவந்தது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. அத்தகைய சில பத்து ஃபெம்டோ நொடிகளே நீடிக்கும் துடிப்பு ஒன்று பொருளின் அணுக்களை ஒருசேர அதிரச் செய்கிறது. சற்றே தாமதித்து வரும் மற்றொன்று அந்த அதிர்வைப் பதிவு செய்கிறது. தாமதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், அணுக்களின் அசைவைக் கட்டம் கட்டமாகக் காணலாம். குறைக்கடத்திகளும் மீக்கடத்திகளும் இன்று இவ்வாறு ஆராயப்படுகின்றன. அணுக்களை அதிரச் செய்வதிலும் அவ்வதிர்வைக் காண்பதிலும் ராமன் விளைவே பெரிதும் துணை நிற்கிறது.

மகேந்திரலால் ராமனைக் காணவில்லை. ராமன் இந்த ஒளித்துடிப்புகளைக் காணவில்லை. பலன் கைக்கு வருமுன்னரே இருவரும் சென்றனர். செய்த பணி மட்டும் வீண்போகவில்லை. தினமும் அமரும் தியானத்தில் ஏதும் புலப்படவில்லையே என்று தளரும் சாதகர், எவ்வளவு தூய்மைப்படுத்தியும் மறையாதிருந்த அந்த மெல்லொளியை எண்ணிப் பார்க்கலாம்.