ஒற்றைக் கண்ணால் இரவைக் கண்டவர்

இரவில் ஆந்தை அலறினால் தீமை வரும் என்ற நம்பிக்கை பல நாட்டு மக்களிடையே இருந்து வந்துள்ளது. அதனால் ஆந்தையை அஞ்சியவர்களும் வெறுத்தவர்களும் மிகுதி. அதன் வாழ்க்கையை அருகிலிருந்து கவனித்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர்தாம் இங்கிலாந்து நாட்டின் நிழற்படக் கலைஞர் எரிக் ஹோஸ்கிங். ஆந்தையால் ஒரு கண்ணை இழந்த பிறகும், ஆந்தையின் அழகை உலகிற்குக் காட்டியவர் அவர்.

எரிக் ஹோஸ்கிங் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் லண்டனில் பிறந்தார். சிறுவயதிலேயே அவருக்குப் பறவைகள் மீதும் நிழற்படக்கருவி மீதும் ஆர்வம் ஏற்பட்டது. பள்ளியை விட்ட பின், மோட்டார் வாகனத் தொழில் சார்ந்த நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலை நிலைக்கவில்லை. வேலையிழந்த இளைஞர் மனம் தளராமல், தமக்குப் பிடித்த கலையையே தொழிலாக்கிக் கொள்ளத் துணிந்தார். பறவைகளைப் படம் பிடித்து வாழ்க்கை நடத்த முடியும் என்று பெரும்பாலோர் எண்ணிப் பார்த்திராத காலம் அது.

அக்காலத்துக் கருவிகள் இன்றுள்ளவை போன்றவை அல்ல. கனமான பெட்டி போன்ற கருவியில் கண்ணாடித் தகட்டைச் செருகி, ஒவ்வொரு தகட்டிலும் ஒரு படம் மட்டுமே எடுக்க முடியும். எனவே, பறவையின் கூட்டிற்கு அருகில் துணியாலான மறைவிடம் ஒன்றை அமைத்து, அதற்குள் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்க வேண்டும். மறைவிடத்தை ஒரே நாளில் கூட்டின் அருகே கொண்டு சென்றால் பறவை மிரண்டு கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். ஆகவே, அதனைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பறவைக்குப் பழக்கப்படுத்த வேண்டும். இத்தகைய பொறுமை ஹோஸ்கிங்கிடம் நிறைந்திருந்தது.

1937ஆம் ஆண்டு, தமது 27ஆம் வயதில், அவர் வேல்ஸ் பகுதியில் பழுப்பு ஆந்தை ஒன்றைப் படமெடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். குஞ்சுகள் வளரும் பருவத்தில் இவ்வகை ஆந்தைகள் கடுஞ்சினம் கொள்ளும். கூட்டை நெருங்குவோரைத் தாக்கவும் தயங்கா. ஆந்தையின் இறகு விளிம்புகள் மென்மையான பஞ்சு போன்றவை. அதனால் அது பறக்கும்போது சிறகோசை கேட்பதில்லை. ஒரு நாள் இருட்டிய வேளையில் ஹோஸ்கிங் மறைவிடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். எந்த ஓசையும் இல்லை. எந்த அறிகுறியும் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் தாய் ஆந்தை பாய்ந்தது. அதன் கூரிய நகம் அவருடைய ஒரு கண்ணில் ஆழமாக இறங்கியது.

லண்டன் கண் மருத்துவமனைக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். காயத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டது. பெனிசிலின் போன்ற மருந்துகள் புழக்கத்திற்கு வராத காலமாதலால், தொற்று மற்றொரு கண்ணையும் பாதிக்கக்கூடும் என மருத்துவர்கள் அஞ்சினர். காயமுற்ற கண்ணை அகற்றுவதா, இரு கண்களையும் இழக்கும் ஆபத்தை ஏற்பதா என்ற நிலை உருவானது. கண்ணை நம்பியே பிழைக்கும் ஓர் இளைஞருக்கு இதைவிடக் கொடிய சோதனை இருக்க முடியாது. ஹோஸ்கிங் ஒரு கண்ணை அகற்றச் சம்மதித்தார்.

அவருடைய தொழில் அத்துடன் முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்திருக்கலாம். ஆனால், அவர் கருவியைக் கீழே வைக்கவில்லை. தம்மைத் தாக்கிய பறவை மீது அவர் பகைமையும் பாராட்டவில்லை. குஞ்சுகளைக் காக்கும் தாயின் கடமையைத்தான் அந்த ஆந்தை செய்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1945ஆம் ஆண்டு, இரவுப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றை நண்பர் சிரில் நியூபெரியுடன் இணைந்து வெளியிட்டார்.

பறக்கும் ஆந்தையை இருளில் படம் பிடிப்பது அன்று பெரும் சவாலாக இருந்தது. அப்போதிருந்த ஒளிவிளக்குகள் ஒருமுறை எரிந்து அணைவதற்குள் ஆந்தையின் சிறகுகள் அசைந்துவிடும், படம் மங்கலாகிவிடும். பின்னர் வந்த மின்னணு ஒளிவிளக்கு, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே மின்னியது. அவ்வளவு குறுகிய நேரத்தில், வேகமாக அடிக்கும் சிறகும் அசையாமல் நிற்பது போல் பதிவாகும். பிரிட்டனில் இவ்விளக்கைப் பறவைப் படங்களுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஹோஸ்கிங் ஒருவர். மெல்லிய ஒளிக்கற்றையைப் பறவை குறுக்கே கடக்கும்போது கருவி தானே இயங்கும் முறையையும் அவர் பயன்படுத்தினார்.

1948ஆம் ஆண்டு அவர் எடுத்த கூகையின் படம் உலகப் புகழ் பெற்றது. வெண்ணிறச் சிறகுகளை இருபுறமும் விரித்து, அலகில் சிறு எலியைக் கவ்வியபடி, அந்தக் கூகை நேராக நம்மை நோக்கிப் பறந்து வருகிறது. மனிதக் கண்ணால் நிறுத்திப் பார்க்க இயலாத ஒரு கணத்தை அப்படம் நமக்குத் தருகிறது. எலிகளைத் தின்று உழவருக்கு உதவும் பறவை கூகை. நம் நாட்டின் செம்பனைத் தோட்டங்களிலும் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டிகள் அமைக்கப்படுகின்றன.

ஹோஸ்கிங் பிற்காலத்தில் பல நாடுகளுக்குப் பயணம் செய்து பறவைகளைப் படமெடுத்தார். 1970ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அதற்குப் பறவைக்காக ஒரு கண் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். கண்ணுக்குக் கண் என்பது பழிவாங்கலைக் குறிக்கும் பழைய வழக்கு. அவ்வழக்கையே அவர் அன்பின் அடையாளமாக மாற்றிவிட்டார். 1977ஆம் ஆண்டு பிரிட்டன் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கிச் சிறப்பித்தது. 1991ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இழப்பு எவருடைய வாழ்விலும் நேரலாம். இழந்ததை எண்ணிக் கலங்குவதா, எஞ்சியதைக் கொண்டு செயலாற்றுவதா என்பது நம் கையில்தான் உள்ளது. கருமமே கண்ணாக வாழ்ந்த எரிக் ஹோஸ்கிங், எஞ்சிய ஒற்றைக் கண்ணைக் கொண்டே, மக்கள் அஞ்சிய இருளில் மறைந்திருந்த அழகைக் கண்டு நமக்கும் காட்டினார்.