குளவியும் அகதா கிறிஸ்டி அம்மையாரும்

துப்பறியும் நவீனங்களைப் பள்ளிப் பருவம் முதலே விரும்பிப் படித்து வருபவள் நான். எனினும், அகதா கிறிஸ்டி அம்மையாரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்னும் ஆவல் அவருடைய நூல்களைப் படித்ததால் பிறக்கவில்லை. சென்ற ஆண்டு விடுதித் தோழி ஒருத்தி காட்டிய தொலைக்காட்சிக் கதை ஒன்றினால் பிறந்தது.

பி.பி.சி. நிறுவனம் 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கதைத் தொடரை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும். டாக்டர் என்ற வேற்றுலகவாசி நீலப் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் அண்டவெளியையும் கடந்து உலாவுவதே அதன் அமைப்பு. 2008 மே 17 அன்று ஒளிபரப்பான ‘தி யூனிகார்ன் அண்ட் தி வாஸ்ப்’ என்ற பகுதியில், அவரும் தோழி டோனாவும் 1926ஆம் ஆண்டின் ஆங்கிலேய மாளிகை ஒன்றில் வந்து இறங்குகின்றனர். அங்கே தோட்ட விருந்து நடக்கிறது. விருந்தினருள் அகதா கிறிஸ்டியும் ஒருவர். சிறிது நேரத்தில் நூலகத்தில் ஒரு பேராசிரியர் ஈயக் குழாயால் அடித்துக் கொல்லப்படுகிறார். கொன்றது ஆள் உயரத்தையும் மிஞ்சிய ஒரு குளவி!

கதையின் முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன், பார்க்க இருப்பவர்கள் மன்னிக்கவும். மாளிகையின் சீமாட்டி இளமையில் தில்லியில் இருந்தபோது, மனித உருவில் வந்த வேற்றுலகக் குளவியிடம் காதல் கொண்டு ஒரு மகனைப் பெற்றுவிடுகிறாள். அனாதை விடுதியில் வளர்ந்த அம்மகனே இன்று பாதிரியார். தந்தை தந்த மணிக்கல் ஒன்றின் வழியே சீமாட்டியின் மனமும் மகனின் மனமும் பிணைந்திருக்கின்றன. அவள் கிறிஸ்டியின் நவீனத்தைப் படித்துக்கொண்டிருந்த இரவில் மகனின் குளவிப் பிறவி விழித்துக்கொள்ள, நவீனம் முழுவதும் அவன் மூளையில் பாய்ந்துவிடுகிறது. உலகம் என்றால் இப்படித்தான் கொலை நடக்கும் போலும் என்று எண்ணி அவனும் அவ்வாறே கொல்லத் தொடங்குகிறான். சீமாட்டியாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டால், தம் தந்தையாரின் நாடகக் குழுவோடு நம் நாட்டில் ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தில்லியைப் பற்றி அவர் பேசும் இடம் அதனால்தானோ என்னவோ நன்றாகவே இருந்தது.

இக்கதையைப் பார்த்துச் சிரித்தேன். கதை நடப்பது டிசம்பர் மாதம். ஆனால் தோட்டத்தில் வெயில் பளிச்சென்று காய்கிறது, மரமெல்லாம் பச்சைப் பசேலென்றிருக்கிறது! ஆனால் கதையின் கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் சொல்ல அம்மையாரின் உண்மை வாழ்வுக்குப் போக வேண்டும்.

1890 செப்டம்பர் 15 அன்று டெவன் மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய டார்க்கீயில் அவர் பிறந்தார். தந்தை அமெரிக்கர். எட்டு வயது வரை குழந்தைக்கு எழுத்தறிவிக்கக் கூடாது என்பது தாயாரின் கொள்கை. மகளோ அதற்கு முன்பே தானே படிக்கக் கற்றுக்கொண்டாள். பதினொரு வயதில் தந்தையை இழந்தாள். அதன்பின் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்தனர். 1914 கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் ஆர்ச்சி கிறிஸ்டி என்ற விமானப்படை அதிகாரியை மணந்தார். அவர் அன்றைய இந்தியாவின் பெஷாவரில் பிறந்தவர்.

முதல் உலகப் போரில் அம்மையார் டார்க்கீ மருத்துவமனையில் தாதியாகவும், பிறகு மருந்து கலந்து கொடுக்கும் பிரிவிலும் பணியாற்றினார். அவருடைய கலையின் ஊற்றுக்கண் இங்குதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவருக்கு மருந்து கலக்கப் பயிற்சி அளித்தவர்களுள் ஒருவர் குராரே என்னும் கொடிய நஞ்சைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம். அது இருந்தால் தமக்கு ஒரு வலிமை இருப்பதாகத் தோன்றுமாம்! நாற்பதாண்டுகளுக்கும் மேல் அம்மனிதரை மறவாதிருந்து, 1961இல் ஒரு நவீனத்திற்குப் பயன்படுத்திக்கொண்டார் அம்மையார். 1920இல் வெளிவந்த முதல் நவீனத்திலேயே இந்த மருந்தறிவு தெரிகிறது. ஸ்ட்ரிக்னின் சேர்ந்த டானிக்கில் புரோமைடைக் கலந்தால் நஞ்சு மெல்ல மெல்லப் புட்டியின் அடியில் படியும். கடைசி வேளை மருந்தைக் குடிப்பவர் உயிர் பிழைப்பதரிது. வேதியியல் மாணவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஏட்டில் மட்டும்! டார்க்கீயில் தங்கியிருந்த பெல்ஜிய அகதிகளைக் கண்ட நினைவில்தான் முட்டைத் தலையும் முறுக்கு மீசையும் கொண்ட பொய்ரோ பிறந்தார்.

1926ஆம் ஆண்டு அவருக்குப் புகழையும் இடியையும் ஒருங்கே கொண்டுவந்தது. ஏப்ரலில் தாயார் மறைந்தார். ஜூனில் வெளியான ‘ரோஜர் ஆக்ராய்டின் கொலை’ பேரும் புகழும் தேடித் தந்தது. ஆகஸ்டில் கணவர், நான்சி நீல் என்ற வேறொரு பெண்ணைத் தாம் விரும்புவதாகவும், மணவிலக்கு வேண்டுமென்றும் கூறிவிட்டார். டிசம்பர் 3ஆம் நாள் கணவர் வார இறுதியைக் கழிக்க வெளியே சென்றுவிட, அன்றிரவு ஏழு வயது மகள் ரோசலிண்டு உறங்கிக்கொண்டிருக்கையில் அம்மையார் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை சர்ரே மாவட்டத்து நியூலாண்ட்ஸ் கார்னர் என்னும் மேட்டருகே அந்த மாரிஸ் கார் ஆளின்றிக் கிடந்தது. உள்ளே குளிருக்கு அணியும் மேலங்கி இருந்தது, அவர் இல்லை.

நூற்றுக்கணக்கான காவலரும் ஆயிரக்கணக்கான பொதுமக்களும் காடுமேடெல்லாம் தேடினர். அருகிலிருந்த சைலண்ட் பூல் என்னும் குளத்தைத் துழாவினர். விமானங்களும் பறந்தன. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அம்மையாரின் கையுறை ஒன்றை ஆவியுலகத் தொடர்பாளரிடம் கொடுத்துக் குறி கேட்டார்! பத்திரிகைகளுக்கோ கொண்டாட்டம். கணவர் கொன்றுவிட்டார் என்றனர் சிலர். புத்தகம் விற்க நாடகமாடுகிறார் என்றனர் சிலர். 14ஆம் தேதி யார்க்‌ஷரில் ஹாரோகேட் நகரின் நீர் மருத்துவ விடுதி ஒன்றில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். கேப் டவுனிலிருந்து வந்த திருமதி தெரேசா நீல் என்று பதிவேட்டில் எழுதியிருந்தார். நீல்! கணவரின் மனத்தைக் கவர்ந்தவளின் குடும்பப் பெயர். ஞாபகமறதி என்று இரு மருத்துவர்கள் கூறினர். அம்மையார் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு ஐம்பது ஆண்டு வாழ்ந்தும், தம் தன்வரலாற்றை விரிவாக எழுதியும், அந்தப் பதினொரு நாள்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. 1977இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த அந்நூலில் அப்பகுதியைத் தேடியவர்கள் ஏமாந்தனர்.

தொலைக்காட்சிக் கதை புகுந்து விளையாடும் இடம் இந்த வெற்றிடம்தான். குளவி குளத்தில் மூழ்கி இறக்கும்போது, மணிக்கல்லால் அதனோடு பிணைக்கப்பட்டிருந்த அம்மையாரின் நினைவும் அழிகிறது. டாக்டர் அவரை ஹாரோகேட் விடுதி வாசலில் இறக்கிவிட்டு ஓசையின்றிப் போய்விடுகிறார். கணவரின் துரோகத்தையும் அக்கதை மறைக்கவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் துயரத்திற்கு வேற்றுலகக் குளவியா காரணம் கற்பிக்க வேண்டும்? பிறகு எண்ணிப் பார்த்தேன். அவர் நாடகமாடினார் என்று அன்றைய பத்திரிகைகள் தூற்றியதைவிட இந்தக் குளவி எவ்வளவோ மேல். பொய் என்று எல்லாரும் அறிந்த பொய்யைச் சொல்லி, உண்மையை அவரிடமே விட்டுவைக்கிறது.

இதை நான் கூறுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, என் தாயார் ஒருநாள் பொழுது சாயும் வேளையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் தேடினார்கள். தெருவார் கிணறுகளை எட்டிப் பார்த்ததை நானே கண்டேன். நான்காம் நாள் விடியற்காலையில் திரும்பி வந்து, கைகால் கழுவி, அடுப்பில் உலை வைத்தார். எங்கே போனார் என்று அப்பா கேட்டார், ஊரார் கேட்டனர். பதிலில்லை. நான் இன்றளவும் கேட்டதில்லை.

கிறிஸ்டி அம்மையார் மீண்டு எழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பணத்தேவைக்காக ‘புளூ டிரெயின்’ நவீனத்தை வருத்தி வருத்தி எழுதி முடித்தார். அதைத் தமக்கே பிடிக்கவில்லை என்றாலும், எழுத்தைத் தொழிலாகக் கொண்டது அப்போதுதான் என்பார். 1928இல் மணவிலக்கு. அவ்வாண்டே துணையின்றி ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறிப் பாக்தாத் சென்றார். இரண்டாம் முறை அங்கே சென்றபோது அறிமுகமான, தம்மைவிடப் பதினான்கு வயது இளையவரான மாக்ஸ் மாலோவன் என்ற தொல்பொருள் ஆய்வாளரை 1930இல் மணந்தார். நிம்ரூதில் தோண்டியெடுத்த தந்தப் பொருள்களை முகப்பூச்சுக் கிரீம் கொண்டு அவர் துடைத்துச் சுத்தம் செய்தாராம். 66 துப்பறியும் நவீனங்கள். 1952இல் அரங்கேறிய ‘எலிப்பொறி’ நாடகம் 2020இல் பெருந்தொற்று வரும்வரை லண்டனில் இடைவிடாமல் நடந்தது. 1939இல் அவர் எழுதிய தீவுக் கதையைத் தழுவி நம் எஸ். பாலசந்தர் 1970இல் ‘நடு இரவில்’ படத்தைத் தந்தார். 1976 ஜனவரி 12 அன்று அம்மையார் காலமானார்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அடுக்களை வாசற்படியில் அமர்ந்து இக்கதை முழுவதையும் என் தாயாரிடம் சொன்னேன். குளவியைக் கேட்டுச் சிரித்தார். பதினொரு நாள் பகுதியைக் கேட்கும்போது அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தப் பதினொரு நாளும் அந்தப் பெண் குழந்தைக்குச் சோறு போட்டது யார்? சார்லட் ஃபிஷர் என்ற செயலாளர் அம்மாள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டதைச் சொன்னேன். எனக்கு அந்த மூன்று நாளும் சோறு போட்டது அப்பத்தா என்பதையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, களைந்த அரிசியை உலையில் போட்டார்.