இரும்பை நம்பிய துரை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய சாலையில், சேலத்துக்கு வழி பிரியும் இடம் உளுந்தூர்பேட்டை. மேற்கே திரும்பினால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர் தாண்டி சேலம். மறுபக்கம் விருத்தாசலம் வழியாகப் போனால் சிதம்பரம், பரங்கிப்பேட்டை, அப்புறம் கடல்.

மேற்கே மலை மலையாக இரும்புக்கல். கிழக்கே கப்பல் வரும் துறை. இடையில், அடுப்புக்கரி சுடுவதற்கு தென்னார்க்காட்டுக் காடுகள். இந்த மூன்றையும் சேர்த்து, இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பலாம் என்று சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் அதுவே அவர் வாழ்வைக் குடித்துவிட்டது.

அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். உலக இரும்புத் தொழிலின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயரை விட்டுவிட முடியாது.

சேலத்தில் கண்ட அதிசயம்

ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை சர்வீசில் அதிகாரி. சேலம், கோயமுத்தூர் பகுதிகளில் கம்பெனியின் வியாபாரத்தைக் கவனிக்கும் பதவி. நல்ல சம்பளம், கை நிறைய அதிகாரம். பேசாமல் இருந்திருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு சுகமாக ஊர் திரும்பியிருக்கலாம்.

ஆனால் அவர் கண்ணில் கஞ்சமலை பட்டது. காந்தத்தை இழுக்கும் இரும்புக்கல் அங்கே குவிந்து கிடந்தது.

கிராமத்துக் கொல்லர்களின் வேலையும் அவரைக் கவர்ந்தது. நான்கு அடி உயரத்தில் ஒரு மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி. மூன்று, நான்கு மணி நேரம் ஊதினால் இரும்புக் கட்டி வெளியே வரும். அதைத் துண்டாக்கி, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, சிறு மண் மூசையில் வைத்து, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். 20 முதல் 24 மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். மூசையை உடைத்தால் உள்ளே உருக்கு! ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று வியந்த உருக்கு இதுதான்.

1839-ல் ஹீத் இந்த முறையை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். பண்டை எகிப்தியர் கருங்கல்லைச் செதுக்கிய உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

பரங்கிப்பேட்டையில் உலை

ஹீத் வேலையை உதறினார். சென்னை ராஜதானியில் ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் தனி உரிமையைக் கம்பெனியிடம் பெற்றார். 1830-ம் ஆண்டு வாக்கில், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. கம்பெனி லட்சக்கணக்கில் கடன் கொடுத்தது. பின்னர் மலபாரில் பேப்பூரிலும் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது.

சேலத்துக் கல் காவிரிக் கரைக்கு வண்டியில் வந்தது. அங்கிருந்து பரிசலில் ஏறி, காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்கு இறங்கியது. ஆற்றில் தண்ணீர் இருந்தால்தான் பரிசல் ஓடும்!

கரியோ அதைவிடப் பெரிய தொல்லை. இங்கிலாந்தின் உலைகளுக்கு நிலக்கரி இருந்தது. இங்கே மரக்கரிதான். உலை மரத்தைத் தின்னத் தின்னக் காடு தூரம் போயிற்று. காடு தூரம் போகப் போகக் கரியின் விலை ஏறிற்று.

ஆனாலும் இரும்பு மட்டும் முதல் தரம். வேல்ஸ் நாட்டில் 1850-ல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் சேர்ந்தது என்று பதிவுகள் சொல்கின்றன. சரக்கு கடல் கடந்தது. லாபம் கரை சேரவில்லை.

ஷெபீல்டில் ஒரு புதையல்

ஹீத் சளைக்கவில்லை. இங்கிலாந்து சென்று உருக்கு பற்றி ஆராய்ச்சி செய்தார். அப்போது ஷெபீல்டு நகரத்தார் நல்ல உருக்குக்கு ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தார்கள். அதற்குக் கொள்ளை விலை.

உருக்கும்போது மூசையில் சிறிது மாங்கனீஸ் சேர்த்தால், சாதாரண இரும்பும் நல்ல உருக்காகும் என்று ஹீத் கண்டுபிடித்தார். 1839-ல் காப்புரிமை பெற்றார். உருக்கின் விலை மளமளவென்று சரிந்தது. ஷெபீல்டு கொழித்தது. கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? வழக்கு!

ஒரு சொல்லால் போன செல்வம்

காப்புரிமைப் பத்திரத்தில், மாங்கனீசும் கார்பனும் முன்பே கலந்த பொருளைச் சேர்க்க வேண்டும் என்று ஹீத் எழுதியிருந்தார். பிறகு அதைவிட மலிவான வழி தெரிந்தது. மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப் பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டாலே போதும். உள்ளே அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

இந்த வழியைத் தம் ஏஜெண்டு அன்வின் என்பவருக்கு ஹீத்தே சொல்லிக் கொடுத்தார். அன்வின் பிரிந்து போய், பணம் கொடுக்காமல் அதே முறையில் தொழில் நடத்தினார். பத்திரத்தில் உள்ள பொருள் வேறு, தாம் போடுவது வேறு என்பது அவர் வாதம்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இருந்த பணமெல்லாம் அதில் கரைந்தது. 1851-ல் ஹீத் வறுமையில் காலமானார். 1855-ல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்புக் கூறியது. வெற்றி அன்வினுக்கே.

அடுத்த ஆண்டு பெஸ்ஸமரின் புதிய உருக்கு முறை வந்தபோது, அதன் குறையை நீக்கியதும் மாங்கனீஸ்தான்.

மிஞ்சியது என்ன?

பரங்கிப்பேட்டைத் தொழிற்சாலை 1853-ல் புதிய கம்பெனியின் கைக்கு மாறியது. திருவண்ணாமலையிலும் சேலம் பக்கத்திலும் புது உலைகள் போட்டார்கள். எதுவும் நிலைக்கவில்லை. 1874-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

ஹீத்துக்குக் கண்ணீர் விடலாம். ஆனால் கூடவே இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அவர் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து உருக்குச் செய்த நம் கொல்லர். கப்பலில் வந்து இறங்கிய மலிவு இரும்பும் கரிப் பஞ்சமும் அவர் துருத்தியை நிறுத்திவிட்டன. அவருக்குக் காப்புரிமையும் இல்லை. வழக்காட நீதிமன்றமும் இல்லை. பெயர்கூட ஏட்டில் ஏறவில்லை.

கல் இருந்தால் மட்டும் தொழில் வளராது. எரிபொருள், போக்குவரத்து, சந்தை, சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் சேர வேண்டும். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாடு இதே பாடத்தைப் படித்தது. அங்கே அஜாவோகுட்டாவில் 1979-ல் ஒரு மாபெரும் உருக்காலை கட்டத் தொடங்கினார்கள். 40 ஆண்டுகள் கடந்தும் அது உருக்கு வார்க்கவில்லை.

கஞ்சமலை அடிவாரத்தில் 1981-ல் சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கியது. பளபளக்கும் எவர்சில்வர் தகடுகள் அங்கே உருண்டு வருகின்றன. ஆனால் அவை கஞ்சமலைக் கல்லில் பிறந்தவை அல்ல. ஹீத் கண்ட மலை, அதே கல்லோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.