28 லட்சம் பெயர்கள்

2025-ல் பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் பற்றிய வாதப் பிரதிவாதங்களை ஐரோலியில் பையன் வீட்டில் அமர்ந்து படித்தபோது, அமரர் சுகுமார் சென் நினைவுக்கு வந்தார். 1898-ல் பிறந்த வங்காளி. கணிதம் படித்து ஐ.சி.எஸ். ஆனவர். 1950-ல் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்சிக்கொரு சின்னம், வேட்பாளருக்கொரு பெட்டி என்று சமாளித்தார். ஆனால் வடக்கே பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்திருந்தார்கள். (என் தாயார் கடைசிவரை அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை!) சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்றார் சென். சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டனர். அன்று ஓட்டிழந்தவர்களுக்கு அது அநியாயம்தான். ஆனாலும் சலுகை காட்டியிருந்தால் அந்த வழக்கம் இன்னும் நீடித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். 1957 தேர்தலுக்குள் பெண்கள் பதிவு வெகுவாகக் கூடிற்று.

இங்கே பெயர் சேர்க்கும் படிவம் வந்ததும், என் மனைவியுடையதை அவளையே நிரப்பச் சொன்னேன்.