பேஸ்பாலின் ‘தந்தை’ ஒரு கிரிக்கெட் ரிப்போர்ட்டர்! யார் இந்த ஹென்றி சாட்விக்?

ஆபீஸ் வேலையில் மேட்ச் பார்க்க முடியலையா? மொபைலில் ஸ்கோர்கார்டைத் திறந்தால் போதும். யார் அடித்தார், யார் சொதப்பினார், எல்லாமே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் பேஸ்பாலுக்கு இப்படியொரு ஸ்கோர் கணக்கை 19ஆம் நூற்றாண்டிலேயே பழக்கப்படுத்தியவர் ஹென்றி சாட்விக். அவர் ஸ்டார் பிளேயர் கிடையாது, ஒரு பத்திரிகையாளர்.

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத இந்த மனிதர், கடைசிக் காலத்தில் ஆதாரமே இல்லாத ஒரு கதையிடம் தோற்றுப்போனார். அது எப்படி?

இங்கிலாந்து டு புரூக்ளின்

1824 அக்டோபர் 5 அன்று இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்தவர் சாட்விக். 12 வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் புரூக்ளினுக்கு வந்துவிட்டார். சிறுவயதில் அவர் ஆடிய விளையாட்டு ரவுண்டர்ஸ். பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்.

வளர்ந்ததும் நியூயார்க் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுத ஆரம்பித்தார். ஆமாம், அப்போது அங்கே கிரிக்கெட் பிரபலம்! பேஸ்பாலோ அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் 1845இல் தன் விதிகளை எழுதிவைத்திருந்தது.

1856இல் நியூஜெர்சியின் ஹோபோக்கன் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பக்கத்தில் நடந்த பேஸ்பால் மேட்ச் சாட்விக் கண்ணில் பட்டது. வேகம், பரபரப்பு, சில மணி நேரத்தில் முடிவு. அமெரிக்கர்களுக்கு ஏற்ற விளையாட்டு இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த வருடமே கிளப்புகள் ஒன்றுகூடி 9 இன்னிங்ஸ், பேஸ்களுக்கு இடையே 90 அடி என்று விதிகளை முடிவு செய்தன.

பேனாவால் வளர்த்த விளையாட்டு

டிவி, ரேடியோ இல்லாத காலம் அது. மேட்சை நேரில் பார்க்காதவருக்கு அதை எப்படிக் காட்டுவது? கிரிக்கெட் ஸ்கோர்கார்டை மாதிரியாக வைத்து, பேஸ்பாலுக்கான ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை ஒழுங்குபடுத்தினார் சாட்விக். ஒவ்வொரு வீரரும் என்ன செய்தார் என்பது ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்துவிட்டது.

பேட்டர் ஸ்ட்ரைக்-அவுட் ஆனால் இன்றும் ஸ்கோர்ஷீட்டில் ‘கே’ என்று போடுகிறார்கள் இல்லையா? அதுவும் இவர் கைவண்ணம்தான். ‘ஸ்ட்ரக்’ என்ற ஆங்கில வார்த்தையின் கடைசி எழுத்து அது.

1860இல் வெறும் 10 சென்ட் விலையில் வெளிவந்த பேஸ்பால் கைடு புத்தகத்துக்கு அவர்தான் எடிட்டர். விதிகளையும் புள்ளிவிவரங்களையும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது அந்தக் குட்டிப் புத்தகம்.

நம்ம தெரு கிரிக்கெட்டின் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ ஞாபகம் இருக்கா? அப்போதைய பேஸ்பாலிலும் பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பிறகு பிடித்தாலும் அவுட்தான். அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று சாட்விக் விடாமல் எழுதினார். 1865 சீசனில் அந்த விதி கைவிடப்பட்டது. சூதாட்டத்தையும் வீரர்களின் குடிப்பழக்கத்தையும்கூட அவர் சும்மா விடவில்லை.

நண்பருடன் மோதல்

1881 முதல் ஆல்பர்ட் ஸ்பால்டிங் நிறுவனத்தின் வருடாந்திர பேஸ்பால் கைடுக்கு சாட்விக் எடிட்டர். ஸ்பால்டிங் முன்னாள் நட்சத்திர பிட்சர், பெரிய விளையாட்டுப் பொருள் வியாபாரி. இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

1903இல் பேஸ்பால் ரவுண்டர்ஸிலிருந்து வந்ததுதான் என்று சாட்விக் எழுதினார். ஸ்பால்டிங்கால் அதை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் பெருமைக்குரிய விளையாட்டு, இங்கிலாந்து சிறுவர் விளையாட்டின் வாரிசா? இதை விசாரிக்க 1905இல் அவர் முயற்சியில் ஒரு குழு அமைந்தது. தலைவர் ஆப்ரஹாம் மில்ஸ்.

அந்தக் குழுவின் கையில் சிக்கியது ஒரு கடிதம். 1839இல் கூப்பர்ஸ்டவுன் ஊரில் ஆப்னர் டபுள்டே என்பவர் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக ஆப்னர் கிரேவ்ஸ் எழுதியிருந்தார். சிக்கல் என்னன்னா, 1839இல் கிரேவ்ஸுக்கு 5 வயதுதான். டபுள்டே அப்போது வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் மாணவர். 1893இல் இறக்கும்வரை தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

ஆனாலும் 1907 கடைசியில் குழு டபுள்டே கதையையே ஏற்றுக்கொண்டது. சாட்விக் எடிட் செய்துவந்த அதே கைடில் அறிக்கை வெளியானது! அவர் கோபப்படவில்லை. தன் நண்பரைக் காப்பாற்ற மில்ஸ் சாமர்த்தியமாக வாதாடியிருக்கிறார் என்று கிண்டலாக எழுதினார். தன் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஜெயித்தது யார்?

1908 ஏப்ரல் 20 அன்று, 83 வயதில், நிமோனியாவால் சாட்விக் காலமானார். டபுள்டே கதையை நம்பியே 1939இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் திறக்கப்பட்டது.

இன்றைய ஆய்வாளர்கள் யாரும் டபுள்டே கதையை ஏற்பதில்லை. ‘பேஸ்-பால்’ என்ற பெயர் 1744லேயே இங்கிலாந்தின் ஒரு சிறுவர் புத்தகத்தில் இருக்கிறது. அதற்காக சாட்விக் சொன்னதும் முழுக்க சரி இல்லை. பேஸ்பாலும் ரவுண்டர்ஸும் அப்பா–மகன் அல்ல, ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்றே இப்போது பார்க்கிறார்கள். ஆனால் வேர் இங்கிலாந்தில்தான் என்று அவர் சொன்னது நின்றுவிட்டது.

இன்னொரு ட்விஸ்ட். டபுள்டேவின் ஊர் என்று கட்டப்பட்ட அந்த ஹால் ஆஃப் ஃபேமில் டபுள்டேவுக்கு இடம் கிடைக்கவில்லை. அது திறப்பதற்கு முந்தைய வருடமே, 1938இல், அதற்குத் தேர்வாகிவிட்டார் ஹென்றி சாட்விக்.